சாந்தியின் பதக்கம்



2006 டிசம்பர். இதே மயிலாப்பூர் சபாக்களில் மார்கழிக் கச்சேரி. நானும் போயிருந்தேன். அந்த மாதம்தான், தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம், பாலினப் பரிசோதனையைச் சொல்லிப் பறிக்கப்பட்டது. புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் தலித் பெண். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். நான் வாய் திறக்கவில்லை.

2012இல் அவரும் சூளையில் கூலி வேலை பார்த்தார்.

2009இல் செமன்யாவைச் சந்தேகித்தபோது தென்னாப்பிரிக்கா அவரோடு நின்றது. தங்கம் அவரிடமே இருக்கிறது. சாந்தியோடு யார் நின்றோம்?

படித்தார், பயிற்சியாளரானார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் வேலையும் கிடைத்தது. "அதான் வேலை கொடுத்தாச்சே" என்கிறார்கள். வேலை அவர் படிப்புக்கு. பதக்கம் அவர் ஓட்டத்துக்கு. அதைத் திருப்பிக் கேட்பது நம் வேலை.