பாயும் மரமும்

பாய்மரம் என்று பாயையும் மரத்தையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறோம் நாம். விண்ட்சர்ஃபிங் கடையிலோ இரண்டையும் தனித்தனியாக விற்கிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. (மரம் என்கிறேனே தவிர, அது பெரும்பாலும் கார்பன் இழையும் ஃபைபர் கிளாஸும் சேர்ந்த குழாய்.)

பாயின் அடியில் சில எண்கள் அச்சிட்டிருக்கும். லஃப் 422, மாஸ்ட் 400 என்றிருந்தால், முன்விளிம்பு 422 செ.மீ. நீளம். அதன் உறைக்குள் 400 செ.மீ. மரத்தைச் செருகி, மீதி 22 செ.மீ. நீளத்தை அடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் குழாய் போட்டு ஈடுகட்ட வேண்டும். வெறும் கழித்தல் கணக்கு. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உயரம் ஒன்றுதானே என்று அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டினால் தோள் எங்கே போய் நிற்கும்?

பாய் தைப்பவர் முன்விளிம்பை நேராக வெட்டுவதில்லை, வளைவாக வெட்டுகிறார். மரமோ நேரானது. கீழே டவுன்ஹால் கயிற்றை இழுக்க இழுக்க, மரம் வில்லாக வளைந்து அந்த வெட்டுக்குள் போய் உட்கார வேண்டும்.

மரம் எவ்வளவு விறைப்பானது என்று அளக்க ஒரு வழி உண்டு. மரத்தின் இரு முனைகளையும் தாங்கலில் வைத்து, நடுவில் 30 கிலோ எடையைத் தொங்கவிடுவார்கள். மரத்தின் நீளத்தை, நடுப்பகுதி இறங்கிய அளவால் வகுத்தால் வருவது ஐ.எம்.சி.எஸ். எண். 400 செ.மீ. மரம் 21 செ.மீ. இறங்கினால் எண் 19. எண் ஏற ஏற விறைப்பு கூடும். ஆனால் ஒரே எண்ணுள்ள இரண்டு மரங்கள் ஒரே மாதிரி வளைய வேண்டும் என்பதில்லை. ஒன்று சீராக வளையும், ஒன்றுக்கு நுனி மட்டும் அதிகம் வளையும், இன்னொன்றின் நுனி விறைத்தே நிற்கும்.

நுனி வளையும் மரத்துக்கென்று தைத்த பாயில் நுனி விறைத்த மரத்தைச் செருகிப் பாருங்கள். எவ்வளவு இழுத்தாலும் மேலே பின்விளிம்பு தளராது. அது தளரத்தான் வேண்டும். உச்சியில் தொளதொளவென்று கிடக்கும் பாயைப் பார்த்தால், சரியாகக் கட்டவில்லை போலிருக்கிறதே என்று புதியவருக்குத் தோன்றும். சூட்சுமமே அந்தத் தொளதொளப்பில்தான் இருக்கிறது. திடுமெனக் காற்று வலுக்கும்போது உச்சி முறுக்கிக் கொடுத்து மிகுதியை வழியவிடும். இறுகிக் கிடந்தால் அவ்வளவும் உங்கள் பின்கையில் வந்து இறங்கும். நேர்மாறாகச் செருகினாலோ உச்சி அளவுக்கு மீறித் தளரும், அடிப்பக்கம் உப்பியே கிடக்கும்.

கார்பன் நூறு சதவீதம் என்று பெருமை பேசுவோர் உண்டு. எடை குறையும், விலை ஏறும். வளைவு பொருந்தாவிட்டால் அந்தக் காசு வீண் என்பது என் கட்சி. ஒல்லி மரம், பருத்த மரம் என்று இரண்டு தடிமன் வேறு இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் அதற்கேற்றதாக இல்லாவிட்டால் சரியாகப் பொருந்தாது.

பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்குமுன் கரையிலேயே கட்டிப் பாருங்கள். குறித்த அளவுக்கு இழுத்த பிறகும் முன்விளிம்போரம் சுருக்கம் விழுந்திருந்தால், அவசரப்பட்டுப் பாயைக் குறை சொல்லாதீர்கள். மரத்தின் மேல் போட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். எழுத்து அழிந்து போயிருந்தால், அந்தப் பாய்க்கென்றே சொல்லப்பட்ட மரத்தை யாரிடமாவது ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, மறுபடி கட்டிப் பாருங்கள்.