அடுக்களையில் கற்ற அகரம்



பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மில் பலர், ஒருமுறையேனும் எழுத்தறியாதவராய் நின்றிருக்கிறோம். பேருந்தின் நெற்றியில் எழுதியிருப்பது புரியாது. கடையின் பெயர்ப்பலகை புரியாது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டே வழி அறிய வேண்டியிருக்கும். சில திங்களில் நமக்கு அக்குறை நீங்கிவிடுகிறது. ஆனால் சொந்த ஊரில், சொந்த மொழியில், வாழ்நாள் முழுவதும் அந்த நிலையிலேயே வைக்கப்பட்ட பெண்கள் இந்நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் எவ்வாறு எழுத்தைக் கைப்பற்றினார் என்பதையும், அதன்பின் அவருக்கு எது தடையாய் நின்றது என்பதையும் இன்று சிந்திப்போம்.

அவர் பெயர் ராஸசுந்தரி தேவி. 1809-ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கு வங்காளத்தில், பாப்னா மாவட்டத்தில் பிறந்தவர். அப்பகுதி இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்தது. சிறுமியாயிருந்தபோது அவர் வீட்டின் வெளிக்கட்டில் ஆண்பிள்ளைகளுக்கான பாடசாலை ஒன்று நடந்தது. அவர்கள் உரக்கப் படிப்பதைக் கேட்டுக்கொண்டு அவர் ஒரு பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கண்ணில் பட்ட எழுத்துகள் சில மனத்தில் தங்கின. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் வயதில் மணமாகி, பரீத்பூர் மாவட்டத்து ராம்தியா கிராமத்துக்குச் சென்றார். செல்வக் குடும்பம், கணவர் கொடியவரும் அல்லர். ஆயினும் பெருங்குடும்பத்துக்கும் பணியாட்களுக்கும் இருவேளையும் சமைக்கும் பொறுப்பு இளவயதிலேயே அவர் தலையில் விழுந்தது. பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றார். தாயார் இறக்குந்தறுவாயில் சென்று காணவும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆணாய்ப் பிறந்திருந்தால் பறவைபோல் பறந்து போயிருப்பேனே என்ற கருத்துப்பட, முதுமையிலும் ஆறாத துயரத்துடன் அதை எழுதியிருக்கிறார்.

அக்காலத்துக் குலப்பெண்களின் ஒடுக்கம் எத்தகையது என்பதற்கு அவரே கூறும் நிகழ்ச்சி ஒன்று போதும். ஒரு நாள் கணவரின் குதிரையை உள்முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது கணவருடைய குதிரை. அதன் கண்ணில் எப்படிப் படுவது என்று நாணி அவர் அறைக்குள் ஒளிந்துகொண்டார். பின்னர் தம் அச்சத்தை எண்ணித் தாமே நகைத்துக்கொண்டார். கேட்கும் நமக்கும் நகைப்பு வருகிறது. ஆனால் அந்த நகைப்பு நெடுநேரம் நிற்பதில்லை.

அத்தகைய பெண்ணுக்குத்தான் படிக்க வேண்டும் என்ற தாகம் பிறந்தது. படித்த பெண் கைம்பெண் ஆவாள் என்ற அச்சம் பரவியிருந்த காலம் அது. எழுதிய தாளைப் பெண் ஏறிட்டுப் பார்த்தாலும் வீட்டு மூதாட்டிகள் முகம் சுளிப்பார்கள். கல்கத்தாவில் பெத்தூன் பெண்கள் பள்ளி தோன்றியது 1849-இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே, ஏறத்தாழ இருபத்தைந்து வயதில், ராஸசுந்தரி தம் பள்ளியை அடுக்களையிலேயே அமைத்துக்கொண்டார்.

'சைதன்ய பாகவத'த்தைத் தாம் படிப்பதாக ஒரு நாள் கனவு கண்டார். சில நாட்களில் அந்நூலைக் கணவர் அடுக்களைப் பக்கத்தில் வைத்துச் செல்லும்படி நேர்ந்தது. தைக்கப்படாத தனித்தனி ஏடுகளாகிய அச்சுவடியிலிருந்து ஓர் ஏட்டை உருவி ஒளித்துக்கொண்டார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துவைத்துக்கொண்டார். ஓலையின் எழுத்தை ஏட்டின் எழுத்தோடு ஒப்பிடுவார். இளமையில் காதில் விழுந்த ஒலியோடு அதைப் பொருத்துவார். சமைக்கும்போதே ஏட்டை இடக்கையில் மறைத்துக்கொண்டு, முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு பார்வை பார்ப்பார். காலடியோசை கேட்டால் மறைத்துவிடுவார். ஆசிரியர் இல்லை, பலகை இல்லை, ஐயம் வந்தால் கேட்க ஆள் இல்லை. நெடுநாள் முயன்று, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தேர்ந்தார்.

இதற்குமேல் நடந்ததையே நாம் சிறப்பாகக் கருத வேண்டும். படிக்கத் தெரிந்த ராஸசுந்தரிக்கு எழுதத் தெரியவில்லை. காரணத்தை அவரே சொல்கிறார். எழுதுவதற்குத் தாள் வேண்டும், எழுதுகோலும் மையும் வேண்டும். அவற்றைப் பரப்பிக்கொண்டு ஓரிடத்தில் அமர வேண்டும். அடுப்புக்கும் தொட்டிலுக்கும் இடையே ஏட்டை ஒளித்துப் படிக்கலாம். ஒளிந்துகொண்டு எழுத முடியுமா? வெளியூரில் இருந்த மகன், தன் கடிதங்களுக்குத் தாய் மறுமொழி எழுதுவதில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு, எழுதுகருவிகளை வாங்கிக் கொடுத்தார். அப்போதும் நேரம் வாய்க்கவில்லை. கணவரின் மருத்துவத்துக்காக வேற்றூரில் தங்கியபோது வீட்டு வேலை குறைந்தது. அந்த ஓய்வில்தான் அவர் எழுதக் கற்றார். 'ஆமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை' என்ற அவருடைய நூல் பின்னர் வெளிவந்தது. வங்கமொழியின் முதல் முழுமையான தன்வரலாறு என்று அதனைப் போற்றுகின்றனர்.

ஆகவே பெண்ணின் போராட்டத்தில் இரண்டு வாயில்கள் உண்டு என்பது தெளிவாகிறது. ஒன்று எழுத்தறிவு, மற்றொன்று தனக்கென ஒரு பொழுதும் ஓர் இடமும். முதல் வாயிலைத் துணிவுள்ள பெண் தானே திறந்துகொள்ளலாம். இரண்டாவதன் திறவுகோல் பெரும்பாலும் வீட்டிலுள்ள மற்றவர்களின் கையில் இருக்கிறது.

இவ்வுண்மையை வங்க நாவலில் விரித்துக் காட்டியவர் ஆஷாபூர்ணா தேவி. 1909-இல் பிறந்த அவரும் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. சகோதரர்கள் படிக்கும்போது எதிரில் அமர்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றமையால், எழுத்துகள் முதலில் அவருக்குத் தலைகீழாகவே வசப்பட்டன. 1964-இல் வெளிவந்த 'பிரதம் பிரதிசுருதி' நாவலில் சத்தியவதி என்ற பெண்ணைப் படைத்தார். சத்தியவதி அறியாதபடி, அவளுடைய சிறுவயது மகள் சுவர்ணலதாவுக்கு மணம் முடித்துவிடுகிறார்கள்; தாய் அந்த வீட்டைத் துறந்து போய்விடுகிறாள்.

அம்மகளின் கதையே அடுத்த நாவல். தெருவைப் பார்க்க ஒரு தாழ்வாரம் வேண்டும் என்பது சுவர்ணலதாவின் பேராசை! அதுவும் அவளுக்கு எளிதில் கிட்டவில்லை. குடும்பத்தின் இரைச்சலுக்கிடையே அவள் எழுதிய நூல், பிழை மலிந்து அச்சாகி, வீட்டார் நகைப்புக்கு இடமாகிறது. அவளே அதைத் தீக்கு இரையாக்குகிறாள். ராஸசுந்தரி முதலில் படிக்கக் கற்று நூற்றாண்டு கடந்த பின்னும் நாவலாசிரியருக்கு எழுத வேண்டியிருந்தது இக்கதைதான். இம்மூன்று தலைமுறை வரலாற்றின் முதற் பகுதிக்காக ஆஷாபூர்ணா தேவி 1976-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இவையெல்லாம் பழங்கதை என்று நாம் அமைதி கொள்ளலாமா? எழுத்தறிவில் நாடு நெடுந்தொலைவு வந்திருப்பது உண்மை. 1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நூற்றுக்கு ஒன்பது பெண்களே எழுத்தறிந்தவர்கள். 2011-இல் அத்தொகை ஏறத்தாழ 65 ஆயிற்று. ஆனால் 2019-ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கெடுப்பு மற்றொன்றையும் சொல்கிறது. குடும்பத்துக்காக ஊதியமின்றி வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களை அதில் செலவிட்டார்கள். அவ்வேலை செய்யும் ஆண்களோ 97 நிமிடங்கள். ஆண்களுள் பெரும்பாலோர் அந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை.

அவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தலைநகரில் ஒரு மொழியின் எழுத்தை மற்றொரு மொழிக்கு மாற்றி ஊதியம் பெறுவது நம் தொழில். ஒரு நாள் மளிகைக் கடைக்காரர் ஹிந்தியில் எழுதித் தந்த சீட்டைப் பார்த்து, "பருப்பை இருமுறை எழுதியிருக்கிறார், பாருங்கள்" என்றார் எம் மனைவியார். இவ்வெழுத்தை எப்போது கற்றாய் என்று வியந்து கேட்டோம். "பையன் முதல் வகுப்பில் படித்தபோது" என்றார். எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன! அவர் எழுத்துப் பழகிய நோட்டுப் புத்தகத்தையும் காட்டினார். அதன் பின்பக்கங்களில் தமிழில் தம் பிறந்த ஊரைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தார். நான்கு பக்கங்கள் இருந்தன, நல்ல தமிழ். அதன்பின் வெற்றுத் தாள்கள்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றோம்.

"எப்போது எழுதுவது?" என்றார். குற்றம் சாட்டும் குரலன்று, மெய்யாகவே கேட்டார்.

மறுமொழி நமக்கு உடனே வாயில் வரவில்லை. இப்போது நாள்தோறும் மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை எங்கள் வீட்டு அடுக்களை நம் பொறுப்பில் இருக்கிறது. குழம்பு இன்னும் கைக்கு வரவில்லை, பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தில் ஐந்தாம் பக்கம் எழுதப்பட்டுவிட்டது.

தொலைவான ஊர்களில் இதைக் கேட்கும் அன்பர்களே, மாமியாரும் அக்கம்பக்கத்து உறவும் துணைக்கு வராத நம் குடும்பங்களில், வேலை முழுவதும் ஒருவர் தோள்மேலேயே விழுந்துவிடுவது எளிது. உங்கள் இல்லத்திலும் எங்கேனும் ஒரு நோட்டுப் புத்தகம் பாதியில் நின்றிருக்கக்கூடும். இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.