ஏற்ற மருந்தும் எழுதும் குறிப்பேடும்



வலிப்புற்ற பிள்ளையின் கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. வலிப்பு மூளையின் மின்கிளர்ச்சி. இரும்பு அதனைத் தணிக்காது. பெனோபார்பிட்டோன் அதனை அடக்கும் என 1912-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஹாப்ட்மன் கண்டறிந்தார். ஆயினும், ஒரு பிள்ளைக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்கு ஏற்பதில்லை. அம்மாத்திரையே சில குழந்தைகளுக்கு அடங்காத் துடிப்பையும் சினத்தையும் உண்டாக்குவதுண்டு. அதனைக் குணக்கேடெனக் கருதி அடித்தல் தகாது. மாத்திரையைத் திடீரென நிறுத்துதலோ உயிருக்கே ஆபத்து.

வலிப்பு வந்த நாள், நேரம், கொடுத்த மருந்தின் அளவு, குணமாற்றம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுவோம். அதைக் கொண்டே அவர் ஏற்ற மருந்தைத் தேர்வார். ஒரு நாள் விசைத்தறிக் கூலியை இழந்து அரசு மருத்துவமனைக்குச் செல்லும் தாய்க்கு, பள்ளிபாளையத்தில் எழுத்தறிந்த நாம் துணை செல்வோம். நாம் பெற்ற கல்வியின் பயன் அதுவன்றோ!