வாசல் ஏற்றம்



சென்னைப் புறநகர் ஐயப்பன்தாங்கலின் உள்தெருக்களில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு கேட்டிலிருந்து ஒரு சிமென்ட் சரிவு தெருவுக்குள் இறங்கி நிற்கும். அதன் மேல் விளிம்பில் காரின் அடிப்பாகம் உரசிய கறுப்புக் கோடுகள். மழைக்காலத்தில் பாசி வேறு. காஸ் சிலிண்டரைத் தோளில் சுமப்பவர் விரல்களை அழுந்த ஊன்றித்தான் ஏறுவார். பாட்டி கேட் கம்பியை விடாமல் இறங்குவார்.

தார்மேல் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் வீட்டை இன்னும் உயர்த்தினார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். அதற்குள் பல தெருக்கள் ஏறிவிட்டன.

வீடு உயரத்திலேயே இருக்கட்டும். கார் நிற்கும் இடமும் அதே உயரத்தில் இருந்தாக வேண்டுமா?

கணக்கைப் பாருங்கள். தெருவுக்கும் போர்டிகோவுக்கும் 24 அங்குலம் வித்தியாசம், சரிவின் நீளம் 6 அடி என்றால், மூன்றடிக்கு ஓரடி ஏற்றம். எட்டடிக்கு ஓரடி என்றால் வண்டி நோகாமல் ஏறும்; ஆனால் 16 அடி வேண்டும். அதைத் தெருவில் நீட்டுவது நடப்பவர் வழியைப் பறிப்பது. நான் அதற்கு ஒப்பமாட்டேன். போர்டிகோவை 15 அங்குலம் தாழ்த்துங்கள். மிச்சம் 9 அங்குலம்தான். காம்பவுண்டுக்குள்ளேயே 6 அடிச் சரிவு போதும். போர்டிகோ 20 அடி நீளமிருந்தால், சின்னக் காருக்கு 14 அடி சமதளமாகக் கிடைக்கும். சரிவு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மடிப்பாக விடாமல், லேசாக வளைத்துப் பூசச் சொல்லுங்கள். வண்டி உரசுவது அங்கேதான்.

கடப்பாரை எடுக்குமுன் சம்ப்பை, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அது போர்டிகோவுக்கு அடியில்தான் இருக்கும். மூடியைத் திறந்து, அதன் மேல்தளம் எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளந்தால்தான் எவ்வளவு வெட்டலாம் என்று தெரியும். தரை தாழ்ந்தால் சம்ப் வாயும் தாழும். சுற்றி விளிம்பு கட்டி உயர்த்துங்கள்; தெருத் தண்ணீர் குடிநீரில் கலந்துவிடக் கூடாது. உள்பக்கம் திறக்கும் கேட் சரிவில் முட்டும். பக்கவாட்டில் தள்ளும் கேட்டாக மாற்ற வேண்டிவரும். தரைக்கு வழவழப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம்.

15 அங்குலம் தாழ்த்தினால் வீட்டு வாசலில் இரண்டு படி கூடும். அந்தப் படிகளின் ஓரம் ஒரு கைப்பிடிக் குழாய் போடுங்கள். உயரத்தைக் கொத்தனாரிடம் விடாதீர்கள். பாட்டியைக் கூப்பிட்டு நிற்க வைத்து, அவர் கை எட்டும் இடத்தில் சுவரில் குறி போட்டுக்கொள்ளுங்கள்.