சாலையை அளந்தோமா, வண்டியை அளந்தோமா?

(குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கணிதமும் அன்றாட வாழ்வும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள், இன்று காலை நாம் எல்லோரும் கடந்து வந்த சாலை.

சாலை மோசம் என்று யாரும் சொல்லிவிடலாம். எவ்வளவு மோசம் என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சாலைச் சோதனை நடந்தது. அதையொட்டி ஒரு குழுவினர் பல சாலைகளில் பயணம் செய்து, 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண்களைக் கருவிகளின் அளவீடுகளோடு பொருத்திச் சூத்திரம் அமைத்தார்கள்.

நம் நாட்டில் பல்லாண்டுகளாகப் பயன்படுவது பம்ப் இன்டெகிரேட்டர். வண்டிக்குப் பின்னால் ஒற்றைச் சக்கரம் பொருத்திய சட்டம் ஒன்றை மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் இழுத்துச் செல்வார்கள். மேடுபள்ளத்தில் சக்கரம் குதிக்கும் அளவைக் கருவி கூட்டிக்கொண்டே வரும். விடை, ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கிடைக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, டயரில் காற்று குறைந்தாலோ, வேகம் மாறினாலோ, அதே சாலைக்கு வேறு எண் வரும். கருவி சாலையோடு சேர்த்துத் தன்னையும் அளந்துவிடுகிறது. அதனால் அடிக்கடி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.

இதற்குத் தீர்வு காண 1982இல் பிரேசிலின் தலைநகர் பிரேசிலியாவில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடினார்கள். வெவ்வேறு கருவிகளால் ஒரே சாலைகளை அளந்து ஒப்பிட்டார்கள். அதன் பயனாகப் பிறந்த பன்னாட்டுக் குறியீட்டை உலக வங்கி 1986இல் வெளியிட்டது. ஐ.ஆர்.ஐ. என்பார்கள்.

அதன் வழி எளியது. முதலில் சாலையின் ஏற்ற இறக்க வடிவத்தை அளக்க வேண்டும். பிறகு அந்த வடிவத்தின்மேல் கணக்கிலேயே ஒரு கற்பனை வண்டியை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓட்ட வேண்டும். வண்டி என்றால் காரின் கால் பகுதிதான்: ஒரு சக்கரம், ஒரு ஸ்பிரிங், ஒரு ஷாக் அப்சார்பர், மேலே ஓர் எடை. இந்த ஸ்பிரிங் தளராது. டயரில் காற்று இறங்காது. ஸ்பிரிங் அசைந்த மொத்தத் தூரத்தைச் சாலையின் நீளத்தால் வகுத்தால் குறியீடு வந்துவிடும். குறியீடு 4 என்றால், 1 கி.மீ. போவதற்குள் ஸ்பிரிங் மொத்தம் 4 மீட்டர் அசைந்தது என்று பொருள். 0 என்றால் சிறு மேடுபள்ளமும் இல்லாத சாலை.

வடிவத்தை அளக்கும் வண்டியில் மூன்று கருவிகள் இருக்கும். லேசர், வண்டிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தைச் சொல்லும். முடுக்கமானி, வண்டி மேலும் கீழும் ஆடும் முடுக்கத்தைச் சொல்லும். அதை இருமுறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சி வரும். தொலைவுமானி, எந்த இடம் என்று சொல்லும். வண்டியின் ஆட்டத்தைக் கழித்துவிட்டால் மீதி இருப்பது சாலை மட்டுமே. தொகையிடலால் என்ன பயன் சார் என்று கேட்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

என் பத்தாம் வகுப்பு மாணவர்கள் இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். என் கைபேசியைச் சைக்கிளில் இறுகக் கட்டி, முடுக்கமானிப் பதிவுகளை எடுத்துத் திட்ட விலக்கம் கண்டார்கள். ஒரே தெருவுக்கு இரண்டு சைக்கிள்கள் இரண்டு விடைகள் தந்தன. கிராம சபையில் கொடுக்க ஒரு மனு எழுதிக்கொண்டிருந்த மாணவி, "பெரிய எண்ணையே எழுதிடலாமே சார், அப்பத்தான் ரோடு போடுவாங்க" என்றாள். அவள் தங்கை அந்த வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறாள். ஒருமுறை விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தாள். அவசரம் நியாயமானது. வகுப்பே விவாதித்தது. "வேற சைக்கிள் கொண்டுவந்து அளந்து பார்த்தா நம்மளப் பொய்யுன்னு சொல்லிடுவாங்க" என்றான் ஒருவன். கடைசியில் ஒரே சைக்கிள், ஒரே ஆள், ஒரே வேகம், ஒரே காற்று என்று வைத்து, நல்ல சாலையையும் அந்தத் தெருவையும் அளந்து, இரண்டையும் மனுவில் எழுதினார்கள். எப்படி அளந்தோம் என்பதையும் சேர்த்தார்கள். அந்த மனுவைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

நண்பர்களே, நாமும் தினமும் அளக்கிறவர்கள். நாம் போடும் மதிப்பெண்ணில் பிள்ளையின் அறிவு மட்டும் இருக்கிறதா? காலையில் சாப்பிடாமல் வந்த பசியும், நம் வினாத்தாளின் மொழியும், திருத்தும் நேரத்தில் நமக்கிருந்த களைப்பும் அதில் கலந்திருக்கின்றனவா? கழிக்க வேண்டியதைக் கழித்துப் பார்ப்பதும் அளவிடுதலின் ஒரு பகுதிதான்.

இச்செயல்பாட்டை உங்கள் பள்ளியிலும் செய்யலாம். போக்குவரத்து இல்லாத தெருவில், ஆசிரியர் உடனிருக்க, மெதுவான வேகத்தில் மட்டும் செய்யுங்கள். இரண்டு சைக்கிள்களில் தொடங்குங்கள். கேள்வி தானாக வரும்.