பாதாளச் செல்வமும் பலியும்



மந்திரமும் வாள்வீச்சும் நிறைந்த படங்களைக் குழந்தைகளின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவது படித்தோர் வழக்கம். அந்த வரிசையில் தென்னாட்டுக்கு முன்னோடியாக அமைந்த 'பாதாள பைரவி' அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. செல்வம் எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்னும் வினா அக்கதையின் அடியில் ஓடுகிறது. பாலாற்றங்கரையில் வாழும் கவிஞர்கள் எளிதில் கடந்துபோகக் கூடிய வினா அன்று அது.

நாகிரெட்டி, சக்கரபாணி இருவரின் விஜயா நிறுவனம், 'சவுகாரு' என்னும் குடும்பக் கதையை 1950-இல் தந்தபின் எடுத்த இரண்டாவது படம் இது. சிறுவர் உலகுக்கு 'அம்புலிமாமா'வை 1947-இல் அளித்தவர்களும் இவ்விருவரே. கே.வி. ரெட்டி இயக்க, பிங்களி நாகேந்திரராவ் எழுத, மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்தார். தெலுங்குப் படம் 1951 மார்ச் 15-ஆம் நாளும், தமிழ்ப் படம் அவ்வாண்டு மே 17-ஆம் நாளும் வெளிவந்தன. 1952-இல் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவிலும் இது இடம்பெற்றது.

சித்தூர் மாவட்டமும் வடஆர்க்காடு மாவட்டமும் அன்று ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தன. ஆந்திரம் பிரிந்தது 1953 அக்டோபரில்தான். பேரணாம்பட்டைத் தாண்டினால் தெலுங்கு நாடு, ஆம்பூர்க் கடைத்தெருவில் உருதுப் பேச்சு என்றிருக்கும் இப்பகுதியில், இருமொழிப் படம் ஒன்று அயல்வீட்டுப் பண்டமாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.

தமிழ்ப் படத்திற்கு உரையாடலும் பாடலும் எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். கண்டசாலாவின் மெட்டு முன்னே நிற்க, தமிழ்ச் சொல் அதற்குள் புகுந்து மூச்சுவிட வேண்டும். யாப்பறிந்தோர்க்கு அது எத்துணைக் கடிய பணி என்பது விளங்கும். பின்னாளில் 'மிஸ்ஸியம்மா', 'மாயா பஜார்' ஆகியவற்றின் தமிழ்ப் பாடல்களையும் ஆக்கிய அக்கை, மெட்டுக்கு எழுதுவதைத் தாழ்வாகக் கருதவில்லை.

இனிக் கதைக்கு வருவோம். உச்சயினி அரண்மனைத் தோட்டக்காரக் குடும்பத்து இளைஞன் ஒருவன் இளவரசி இந்துமதியை விரும்புகிறான். அரசனுக்கு நிகரான செல்வம் கொண்டு வந்தால் மகளைத் தருவதாகச் சொல்கிறான் மன்னன். அதே வேளையில் நேபாள மந்திரவாதி, வீரமிக்க இளைஞன் ஒருவனைத் தேடி அலைகிறான். அத்தகையவனைப் பாதாள பைரவிக்குப் பலியிட்டால், கேட்டதெல்லாம் தரும் பதுமை கிட்டும். என்.டி. ராமராவ் இளைஞனாகவும், எஸ்.வி. ரங்காராவ் மந்திரவாதியாகவும் நடித்தனர்.

இவ்வமைப்பின் வேர் பழையது. விக்கிரமாதித்தன் கதையிலும் துறவுக் கோலம் பூண்டவன் வீரனைத் தேடுகிறான், வேதாளம் எச்சரிக்கிறது, பலி கொடுக்க வந்தவனே பலியாகிறான். இங்கு அவ்வெச்சரிக்கையைத் தருபவள், முதலை வடிவச் சாபத்தினின்று விடுபட்ட ஒரு நங்கை. அலாவுதீன் கதையில் மாளிகை பெயர்ந்து போவதுபோல, இங்கும் மாளிகையும் இளவரசியும் ஒருங்கே கவரப்படுகின்றனர். பிங்களியார் இவ்விரு மரபையும் ஒரே கயிறாகத் திரித்தார்.

கருதத்தக்கது ஒன்றுண்டு. மந்திரவாதிக்குத் தேவை வீரனின் உழைப்பன்று, உயிர். 'வீரம்' என்று அவன் புகழும்போதெல்லாம் பலிபீடத்தின் அளவைத்தான் பார்க்கிறான். இளைஞனோ பதுமையைப் பெற்றும் வாழ்வைப் பெற்றானில்லை. பதுமை கைமாறியவுடன் அது தந்தவையனைத்தும் கைமாறின. மீட்டுத் தந்தது தோழனின் கூரிய அறிவு. சீடனின் உருவில் சென்று அவன் மந்திரவாதியின் தாடியை மழிக்கச் செய்கிறான். தாடியோடு ஆற்றலும் அகல்கிறது. பாதாளம் தந்ததைப் பாதாளமே பறித்துக்கொள்ளும், தோழமை தந்தது நிலைக்கும் என்பதே கதையின் முடிபு.

இம்முடிபைப் பாலாற்றோடு வைத்துப் பார்த்தல் தகும். வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு 1970-களில் கட்டுப்பாடு வந்தபின் குரோமிய முறை பெருகிற்று. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது. அதனை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் கழிவுநீர் ஆற்றிலும் வயலிலும் பாய்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் அளித்த தீர்ப்பு, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததைக் குறிப்பிடுகிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியும் அத்தீர்ப்பில் நிலைபெற்றது. கதையில் வருபவன் தோட்டக்காரக் குடும்பத்தவன் என்பதை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். இங்கு முதலில் பலியானது தோட்டம்.

படத்தை எடுத்தவர்கள் இதனை எண்ணியிருக்க வழியில்லை. நல்ல கதை தன்னை ஆக்கியோர் அறியாத இடங்களிலும் பொருள் தரும். முதலை வடிவினின்று மீண்ட நங்கை இளைஞனிடம் சொன்னது ஒரே செய்தி: 'உன்னைப் புகழ்பவன் உன்னைக் கொல்ல வந்தவன்.' செல்வத்தின் வாசலில் நின்று அதன் விலையைச் சொல்பவர் எவரோ, அவர் அந்நங்கையின் இடத்தில் நிற்கிறார். பத்தாண்டுகளை நிறைவுசெய்யும் இவ்விலக்கிய வட்டத்தின் கவிஞர்களுக்கு அவ்விடம் உரியது. அதனை வெறுமையாக விட்டுவைக்கலாகாது.