வோல்ட் எங்கே தொலைகிறது?

காரின் ஹெட்லைட் மக்கர் செய்தால் நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "பல்பு என்ன விலை?" என்பதுதான். லோபீம் எரியவில்லை, ஹைபீம் மட்டும் எரிகிறது. அல்லது இரண்டும் எரிகின்றன, ஆனால் மஞ்சள் பூத்துச் சோகையாக எரிகின்றன. உடனே கடைக்குப் போய்ப் புதுப் பல்பு, அதுவும் கொஞ்சம் பவர் கூடியதாகப் பார்த்து வாங்கி மாட்டிவிடுகிறோம். சில வாரம் நன்றாக இருக்கும். பிறகு பழையபடியே ஆகிவிடும். இந்த உரையில் நான் வலியுறுத்த வருவது ஒன்றுதான். ஹைபீம், லோபீம் கோளாறுகளில் பல நேரம் பல்பின் மேல் தப்பே இருப்பதில்லை. பேட்டரியில் புறப்பட்ட மின்சாரம் பல்பைத் தொட்டுவிட்டுப் பேட்டரிக்கே திரும்பி வர வேண்டும். அந்தப் போக்குவரத்தில் ஏதோ ஓரிடத்தில் வோல்ட் தொலைகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காத வரை எந்தப் பொருளை மாற்றினாலும் காசுதான் கரையும். இது வண்டிக்காரரின் சொந்த நஷ்டத்தோடும் நிற்பதில்லை. லோபீம் மங்கிய வண்டியை ஓட்டுகிறவர் வேறு வழியில்லாமல் ஹைபீமிலேயே ஓட்டுகிறார். எதிரே பைக்கில் வருகிறவருக்குச் சாலையே தெரியாமல் போகிறது.

ஆல்ட்டோ, வேகன் ஆர் போன்ற நம் ஊர்ச் சிறு கார்களில் நிறையப் புழங்குவது எச்4 என்ற ஹாலஜன் பல்பு. அதை வைத்தே பேசுவோம். ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு இழைகள்: ஹைபீமுக்கு 60 வாட், லோபீமுக்கு 55 வாட். லோபீம் இழைக்கு அடியில் சின்னக் கிண்ணம் போல ஒரு உலோகத் தகடு இருக்கும். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது தடுத்துவிடுவதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டுமே வேலை செய்யும். வெளிச்சம் ஒரு கோட்டுக்குக் கீழே வெட்டிவிட்ட மாதிரி நிற்கும். எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பாற்றுவது விரல்நுனி அளவுள்ள அந்தத் தகடுதான். பல்பின் பின்பக்கம் மூன்று கால்கள். ஒன்று ஹைபீமுக்கு, ஒன்று லோபீமுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொது. பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பொதுக் காலில் எர்த் இருக்கும். சில வண்டிகளில் அதில் பாசிட்டிவ் வந்து, சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். இந்த மூன்றாவது காலை மறந்துவிட்டுப் பார்ப்பதால்தான் பல கோளாறுகள் பிடிபடாமல் போகின்றன.

கருவி எதுவும் இல்லாமலேயே, எது எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் லோபீம் இல்லையென்றால் அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், அல்லது அந்தப் பக்கத்துக்கென்றே தனியாக உள்ள ஃபியூஸ். இரண்டு பக்கமும் ஒரே நாளில் லோபீம் போய், ஹைபீம் மட்டும் நன்றாக இருந்தால், இரண்டு இழைகளும் ஒரே நேரத்தில் அறுந்திருக்கும் என்று நம்புவது கடினம். முன்பே ஒன்று போனதைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம், அது வேறு. இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான், அதாவது லோபீம் ரிலேயிலோ ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள டிப்பர் சுவிட்சிலோதான் தேட வேண்டும். ஓவர்டேக் செய்யும்போது லிவரை நம் பக்கம் இழுத்து ஃப்ளாஷ் அடிக்கிறோமே, அதுவும் ஒரு நல்ல சாட்சி. ஹைபீமில் போட்டால் எரியாத விளக்கு, லிவரை இழுத்துப் பிடித்தால் மட்டும் பளிச்சென்று எரிகிறது என்றால் பல்பு நன்றாக இருக்கிறது, எர்த்தும் நன்றாக இருக்கிறது. பெரும்பாலும் டிப்பர் சுவிட்சுக்குள் ஹைபீமுக்கான காண்டாக்ட்தான் கருகிப்போயிருக்கும். இந்தச் சோதனைக்குக் காலணா செலவில்லை.

இதையெல்லாம்விட ஆளைக் குழப்பும் அறிகுறி ஒன்று உண்டு. லோபீம் போடுகிறோம். வலது பக்கம் சரியாக எரிகிறது. இடது பக்க விளக்குக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு இழைகளும் தணல் மாதிரி மங்கலாகக் கனன்றுகொண்டிருக்கின்றன. டேஷ்போர்டில் ஹைபீமுக்கான நீல விளக்கும் லேசாகத் தெரிகிறது. போட்டது லோபீம், இது எப்படி? பார்க்கிறவர் பல்பு ஷார்ட் என்பார், வயரிங் முழுதையும் மாற்ற வேண்டும் என்பார். உண்மையில் இடது பக்க எர்த் விட்டுப்போயிருக்கிறது. லோபீம் இழை வழியாக உள்ளே வந்த மின்சாரத்துக்கு எர்த் வழி அடைபட்டுவிட்டது. அதனால் அது பொதுக் காலிலிருந்து திரும்பி, அதே பல்பின் ஹைபீம் இழைக்குள் பின்பக்கமாக நுழைகிறது. ஹைபீம் வயர் வழியாக வலது விளக்குக்குப் போய், அங்கே உள்ள ஹைபீம் இழையைக் கடந்து, வலது பக்க எர்த்தில் இறங்குகிறது. போகிற வழியில் நீல விளக்கையும் தொட்டுவிட்டுப் போகிறது. இத்தனை இழைகள் வரிசையாக ஒரே 12 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்வதால் எதுவும் முழுதாக எரியவில்லை. பாடியில் எர்த் வயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, துரு ஏறிய இடத்தை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, மறுபடி இறுக்கினால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

முழுதாக அறுந்துபோன வழியைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதி அறுந்த வழிதான் ஏமாற்றும். ஹோல்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் முழுதாகக் காட்டும். மாட்டி எரியவிட்டால் வெளிச்சம் வராது. மூடிய குழாயில் தண்ணீர் அழுத்தம் முழுதாக இருப்பது போலத்தான் இது. திறந்துவிட்டால்தானே அடைப்பு தெரியும்? அதனால் அளக்கும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும், ஹோல்டர் மாட்டியே இருக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலும், மறுமுனையை ஹோல்டரின் பின்பக்கமாக லோபீம் காலிலும் வையுங்கள். போகும் வழியில் எத்தனை வோல்ட் தொலைந்தது என்று மீட்டரே சொல்லிவிடும். அடுத்து, பேட்டரியின் நெகட்டிவுக்கும் ஹோல்டரின் எர்த் காலுக்கும் இடையே வையுங்கள். அது திரும்பும் வழியின் கணக்கு. எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் பிழையில்லை. 0.5, 1 என்று ஏறினால் துரு, தளர்ந்த போல்ட், கருகிய காண்டாக்ட் என்று ஏதோ ஒன்று வழியில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு வோல்ட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஹாலஜன் இழையில் வோல்ட் குறைவதும் வெளிச்சம் குறைவதும் ஒரே விகிதத்தில் நடப்பதில்லை. வெளிச்சம், வோல்ட்டின் மூன்றரை மடிக்கு நெருக்கமாகச் சரிகிறது. இன்ஜின் ஓடும்போது பல்புக்கு 13.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 மட்டும் வந்தால், வோல்ட்டில் குறைவது ஒன்பதில் ஒரு பங்குதான். ஆனால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பாதி வெளிச்சம்கூட மிஞ்சாது. மறுபக்கமும் இதே கணக்குதான். ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் பல்பின் ஆயுள் சரசரவென்று குறையும். பல்பு மாற்ற மாற்றப் போகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பல்பு கம்பெனியைத் திட்டும் முன் பேட்டரி டெர்மினலில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும்.

"பல்பு மலிவு, மெக்கானிக்கின் நேரம் விலை கூடியது, முதலில் பல்பை மாற்றிப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம் அல்லவா?" என்று ஒருவர் சொல்லலாம். ஒரு பக்கம் மட்டும் எரியாமல், கண்ணாடிக்குள் இழை அறுந்து தொங்குவது கண்ணுக்கே தெரிந்தால் தாராளமாக மாற்றலாம். தெரியவில்லையென்றால் புதுசு வாங்குவதற்கு முன் இடது பல்பை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாமே. கோளாறு பல்போடு சேர்ந்து இடம் மாறினால் பல்பு கெட்டிருக்கிறது. அதே பக்கத்தில் தங்கினால் பல்பு நல்லது. ரிலேயும் அப்படித்தான். அதே எண் போட்ட இன்னொரு ரிலே ஃபியூஸ் பெட்டிக்குள் இருந்தால் மாற்றிச் சொருகிப் பார்க்கலாம். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை மட்டும் விரலால் தொடாதீர்கள். கையில் உள்ள எண்ணெய்ப் பசை பட்ட இடம் தனியாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கவே கூடாது, வயர் எரிந்துவிடும்.

அடுத்த வாதம், பவர் கூடிய பல்பு. 100/90 வாட் பல்பைப் போட்டால் பளிச்சென்று இருக்கிறது என்பது முதல் சில நாளைக்கு உண்மைதான். ஆனால் 55-க்குப் பதில் 90 வாட் என்றால், அதே வயரில், அதே சுவிட்சில் ஓடும் மின்சாரம் ஒன்றரை மடங்குக்கு மேல். காண்டாக்ட்டுகளில் பிறக்கும் சூடு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இப்படி ஓடிய வண்டியின் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். ஒரு காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, நொறுங்கி இருக்கும். உள்ளே உள்ள பித்தளைக் கவ்வி சூட்டில் பிடிப்பை இழந்து லூசாகி இருக்கும். லூசானால் இன்னும் சூடு, சூடானால் இன்னும் லூசு. ஒழுங்கான வைத்தியம் வேறு. ரிலே இல்லாத பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் ஸ்டியரிங் வரை போய், சுவிட்சைக் கடந்து, திரும்ப முன்னால் வர வேண்டும். பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தடித்த வயரை நேராக எடுத்து, ஹைபீமுக்கு ஒன்றும் லோபீமுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலே வைத்து, எர்த்தையும் புதுப்பித்துவிட்டால் சுவிட்சுக்கு ரிலேயைத் தட்டிவிடும் வேலை மட்டும்தான். பழைய 60/55 பல்பே அப்போது தன் முழு வெளிச்சத்தைக் காட்டும்.

எல்இடி பல்பு பற்றிய வாதம் இதைவிட வலுவானது. எல்இடி இழுக்கும் மின்சாரம் குறைவு, அதனால் வயரில் தொலையும் வோல்ட்டும் குறைவு. அதை மறுக்க முடியாது. கம்பெனியிலேயே எல்இடிக்கென்று வடிவமைத்துத் தந்த ஹெட்லைட்டுகள் அருமையானவை. ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் எல்இடியைச் சொருகுவதைத்தான் நான் ஏற்கவில்லை. ஒரு மெல்லிய இழை எந்த மில்லிமீட்டரில் இருக்கும் என்று கணக்கிட்டு வளைத்த கண்ணாடி அது. எல்இடி பல்பில் ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிய சிப்புகள் அந்த இடத்தில் அப்படியே அமைவது அரிது. வெட்டுக்கோடு கலைந்து, வெளிச்சம் மேலே சிதறுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசாதபடி ஒளி கீழே சாய்ந்திருக்க வேண்டும் என்கின்றன. சிதறும் வெளிச்சத்தால் அதைக் காப்பாற்ற முடியாது. துருப்பிடித்த எர்த்தும் அங்கேயே இருக்கும், நாளைக்கு வேறு எதையாவது கெடுக்க.

புது வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர், இந்தச் சோதனைகள் செல்லுமா என்பது கடைசிக் கேள்வி. சில வண்டிகளில் கன்ட்ரோல் யூனிட் விளக்குக்கான மின்சாரத்தை வேகமாகத் துண்டித்துத் துண்டித்து அனுப்பும்; சாதாரண மீட்டர் அங்கே சராசரியைத்தான் காட்டும். அவற்றை ஸ்கேனரோடு பார்க்கத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. ஆனால் அங்கேயும் எர்த் துருப்பிடிக்கும், ஹோல்டர் கருகும். ஒரே விளக்கில் ஹைபீமும் லோபீமும் வரும் புரொஜெக்டர் வகையில் ஒளியை மறைக்கும் ஒரு குட்டித் திரை காந்தச் சுருளால் ஏறி இறங்குகிறது. லோபீம் எரிந்து, ஹைபீமுக்கு மாற்றும்போது 'டக்' என்ற சத்தமே வரவில்லையென்றால் திரை சிக்கியிருக்கலாம், அல்லது அதன் சுருளுக்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம். அங்கே பல்பைப் பத்து முறை மாற்றினாலும் பயன் இல்லை.

வோல்ட் முழுதாக வந்தும் சாலை தெரியவில்லையென்றால், அப்போது ஹெட்லைட் கண்ணாடியைப் பாருங்கள்: மஞ்சளேறிய பிளாஸ்டிக் மூடியைப் பாலிஷ் செய்யலாம், வெளுத்துப்போன ரிஃப்ளெக்டரை மாற்றத்தான் வேண்டும். டேஷ்போர்டில் விளக்கை ஏற்றி இறக்கும் சின்ன உருளை இருந்தால் அது 0-வில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்சீட்டும் டிக்கியும் நிறைந்திருக்கும்போது வெளிச்சத்தைத் தாழ்த்த வைத்தது அது. யாரோ 3-க்குத் திருப்பியது தெரியாமல் லோபீம் வீக் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கடைசியாக, சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி லோபீம் போடுங்கள். விளக்கின் நடு உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே வெட்டுக்கோடு விழ வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் கோட்டின் இடதுகோடி மட்டும் சற்று மேலே ஏறும். வலதுகோடி ஏறினால் பல்பு விளிம்பின் மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று மறுபடி திறந்து பாருங்கள்.